டர்பன் நகர மையத்தில் பூட்டிக் கிடக்கும் அலுவலகக் கட்டடத்தை நாம் எடுத்து நடத்தலாமா?

நேட்டால் நேயன்

அனைவருக்கும் வணக்கம். டர்பன் நகர மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், 1960களின் தொடக்கத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட எட்டு மாடிக் கட்டடம் ஒன்று சில ஆண்டுகளாக ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது. இப்போதைய உரிமையாளர் அதை நீண்டகாலக் குத்தகைக்கு விடத் தயாராக இருப்பதால், தென்னாப்பிரிக்காவிலுள்ள நம் தமிழ் அமைப்புகள் சிலவும் அப்பகுதித் தொண்டு அமைப்புகள் சிலவும் சேர்ந்து, அதைச் சமூக மையமாக மாற்ற முடியுமா என்று பேசத் தொடங்கியிருக்கின்றன. தமிழ் வகுப்பு, முதியோர் பகல்நேர மையம், சிறு மருத்துவ நிலையம், நூலகம், பரதநாட்டியப் பயிற்சிக்கூடம், கல்யாண மண்டபம் என்று ஆளுக்கொரு விருப்பம் சொல்கிறார்கள். அத்தனையையும் அந்தக் கட்டடம் ஏற்குமா என்பதை முதலில் பேசித் தெளிய வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1910இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. அதன் குவிமாடமே போதும். ஆனால் 1960களின் கான்கிரீட் கட்டடங்களை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் அமைத்தால் கேட்பதற்கு ஆளில்லை. 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 60 ஆண்டுகளைக் கடந்த எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. அந்தக் கணக்கில் 1960களின் முதற்பாதியில் எழுந்த கட்டடங்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அந்தப் பாதுகாப்புக்குள் வருகின்றன. நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் அந்த அமைப்பு அமாஃபா நிறுவனம் என்பதால், அதனிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டடத்தை உள்ளே சென்று பார்க்க அனுமதி கிடைத்தது. வடக்கு முகப்பில் சன்னல்களுக்கு மேலே கிடைமட்டமாகவும், மேற்கு முகப்பில் செங்குத்தாகவும் கான்கிரீட் வெயில்மறைப்புத் தகடுகள் உள்ளன. தெற்கு அரைக்கோளத்தில் இருக்கும் நம் நாட்டில் உச்சிவெயில் வடக்கிலிருந்தும் மாலைவெயில் மேற்கிலிருந்து தாழ்வாகவும் அடிப்பதை உணர்ந்து, திசைக்கு ஏற்றபடி அமைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில், பணம் கட்ட வருவோருக்காக அமைந்த இரண்டு மாடி உயரமுள்ள பொதுக்கூடம் இருக்கிறது. மொசைக் படிக்கட்டின் ஒவ்வொரு படி விளிம்பிலும் பித்தளைப் பட்டை பதித்திருக்கிறார்கள். கால்கள் அதிகம் பட்ட நடுப்பகுதியில் பட்டை தேய்ந்து மெலிந்திருக்கிறது, சுவரோரங்களில் புதிதுபோலவே இருக்கிறது. மேல்மாடிகளில் தடுப்புச் சுவர்களை அகற்றினால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெளிச்சம் பாய்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் என் கேள்வி.

சோம்ட்சு சாலைப் பெயரன்

நேயன் அண்ணா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள என்னால் முடியாது.

என் தாத்தா டர்பன் மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளி. சோம்ட்சு சாலையில் மாகசீன் பராக்ஸ் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில், தமிழும் தெலுங்கும் பேசிய குடும்பங்களுக்கு நடுவே என் அப்பா பிறந்து வளர்ந்தார். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரிக்க 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தின் பெயரால் அந்தக் குடும்பங்களை 1960களில் நகர மையத்துக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். பராக்ஸ் இருந்த நிலத்தில் இன்று நீதிமன்றம் நிற்கிறது. நம்மை நகரத்திலிருந்து அகற்றிய அதே ஆண்டுகளில்தான் நீங்கள் வியந்து எழுதும் இந்தக் கட்டடமும் எழுந்தது. பொது வசதிகளை இனவாரியாகத் தனித்தனியே ஒதுக்கிய 1953ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தபோது, அந்த மொசைக் படிக்கட்டில் யாருடைய கால்கள் பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். நம்மவர்கள் பின்புற வாசல் வழியாகவே வந்துபோயிருப்பார்கள். நம் முன்னோரின் வீடுகளை யாரும் காக்கவில்லை. அவர்களை வெளியே நிறுத்திய கட்டடத்தைக் காக்க நாம் ஏன் நம் பணத்தைச் செலவிட வேண்டும்?

பீனிக்ஸ் ஆசிரியை

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. இருந்தாலும் டர்பனிலேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது. குவாமூலே அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். 1928இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடம், கறுப்பின மக்களை நகரத்துக்குள் கட்டுப்படுத்திய மாநகராட்சித் துறையின் அலுவலகமாக இருந்தது. நகரத்தில் இருக்கவும் வேலை செய்யவும் தேவைப்பட்ட அனுமதிச் சீட்டுக்காக அங்கே மக்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். இன்று அதே சுவர்களுக்குள் அந்த வரலாறு முழுவதும் விளக்கப்படுகிறது. அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டிருந்தால் என் மாணவர்களுக்கு நான் எதைக் காட்டிச் சொல்லியிருப்பேன்? புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்திருப்பார்கள், அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கின் சான்ஸலர் ஹவுஸையும் நினைத்துப் பாருங்கள். 1952இல் மண்டேலாவும் டாம்போவும் வழக்கறிஞர் அலுவலகம் வைத்திருந்த அந்த அலுவலகக் கட்டடம் இந்தியக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்ததால்தான் அவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. பிற்காலத்தில் தீயில் கருகி, பாழடைந்து கிடந்து, 2011இல்தான் அது மீட்கப்பட்டது. அலுவலகக் கட்டடங்களுக்குள்ளும் நம் கதை இருக்கிறது.

கம்பியும் காரையும்

நான் கட்டமைப்புப் பொறியாளர். கடலோரக் கான்கிரீட் கட்டடங்களைச் சோதிப்பதே என் தொழில் என்பதால், சற்று நீளமாக எழுத அனுமதியுங்கள்.

இந்தக் காலத்து அலுவலகக் கட்டடங்களின் பெரிய பலம், சுமையைச் சுவர்கள் தாங்காமல் தூண்களும் உத்தரங்களும் தாங்குவதுதான். உள்ளே இருக்கும் தடுப்புகளை எடுத்துவிட்டு வகுப்பறை, மருத்துவர் அறை, ஆலோசனை அறை என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தூண்களைத் தொடக் கூடாது. நானூறு பேர் அமரும் கல்யாண மண்டபம் வேண்டும் என்று யாராவது மேல்மாடியில் நடுத்தூண்களை அகற்றச் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரிய கூட்டம் கூட வேண்டுமானால் கீழ்த்தளப் பொதுக்கூடம் ஒன்றுதான் அதற்குரிய இடம்.

சுமைக் கணக்கையும் சொல்கிறேன். அலுவலகத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமைக்கு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ எடைக்கு வடிவமைக்கப்படும். இருக்கைகள் நிலையாகப் பொருத்தப்படாத கூட்ட அரங்குக்கு அதைப்போல் இருமடங்கு கேட்கிறார்கள். முப்பது பிள்ளைகள் ஒரே தாளத்தில் காலால் தரையைத் தட்டித் தட்டடவு ஆடும்போது தளத்தில் எழும் அதிர்வு இன்னொரு கவலை. நெருக்கமாக அடுக்கிய நூலக அலமாரிகளோ, அலுவலகத் தளத்தின் வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். ஆகவே நடனமும் நூலகமும் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். வகுப்புகளும் ஆலோசனை அறைகளும் மேலே போகட்டும். கட்டடத்தின் கீழே நிலத்தடித் தளம் இருந்தால் கீழ்த்தளத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது கான்கிரீட்டின் உடல்நிலை. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துரு பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே போகும். டர்பனில் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பதால் வெளிப்புறக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. சோதிக்கும் முறை எளிது. சிறு உருளைத் துண்டு ஒன்றைக் குடைந்தெடுத்து, உடனே பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல நிலையில் இருக்கும் பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாகிவிடும். காரத்தன்மை இழந்த வெளிப்பகுதி நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். அந்த நிறமற்ற பட்டையின் ஆழத்தை அளந்து, கம்பி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் கம்பியை மூடிய கான்கிரீட் பல இடங்களில் 20, 25 மில்லிமீட்டர்தான் இருக்கும். உப்பின் அளவை அறியத் தனியாகத் தூள் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

நேயன் ஐயா வியந்த வெயில்மறைப்புத் தகடுகள் மெல்லியவை என்பதாலும், மழையிலும் உப்புக்காற்றிலும் நேரடியாக நிற்பவை என்பதாலும், அவைதான் முதலில் பழுதாகியிருக்கும். அவற்றை வெட்டியெறிந்துவிட்டுக் கண்ணாடி போட்டால் செலவு குறையும் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். அந்தத் தகடுகள் போனால் மாலைவெயில் முழுவதும் உள்ளே இறங்கும். பிறகு குளிரூட்டியை ஓட்டியே நம் பணம் கரைந்துவிடும். திறந்து மூடும் எஃகுச் சன்னல்களையும் துரு நீக்கிச் சீர்செய்து வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் காற்று கிடைக்கிற கட்டடத்தை அடைத்துவிடக் கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாமல் இருக்காது. நம் நாடு ஒரு காலத்தில் உலகுக்கே அதை வெட்டியெடுத்து விற்றது. 2008இல்தான் அதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. கூரைத்தகடு, குழாய் உறை, தடுப்புப் பலகை என்று எங்கெங்கே இருக்கிறது என்பதைப் பதிவுபெற்ற நிறுவனத்தைக் கொண்டு கணக்கெடுக்காமல் எந்தச் சுவரிலும் ஆணி அடிக்கக் கூடாது. தன்னார்வலர்கள் கூடி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தடுப்புகளை உடைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

லெனேசியாவிலிருந்து

ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவன் என்ற முறையில் ஆல்பர்ட் தெரு 80ஆம் எண் கட்டடத்தை நினைவுபடுத்த வேண்டியது என் கடமை. அதுவும் 1950களில் கட்டப்பட்ட அலுவலகம்தான்; கறுப்பின மக்கள் அனுமதிச் சீட்டுக்காக நின்ற இடம். பின்னர் அது பெண்களுக்கான காப்பகமாக மாற்றப்பட்டது. உசிண்டிசோ என்று அதற்குப் பெயர். மாநகராட்சிக்குச் சொந்தமான, பாரம்பரியச் சின்னமாக மதிக்கப்பட்ட கட்டடம் அது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய அந்தப் பயன்பாடு கவனிப்பாரின்றிச் சிதைந்து, ஒவ்வொரு மாடியிலும் பலகைத் தடுப்புகளுக்குள் குடும்பங்கள் நெருங்கி வாழும் நிலைக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 31ஆம் நாள் அதிகாலையில் மூண்ட தீயில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூட்டிக் கிடந்த கதவுகளால் பலர் வெளியேற முடியவில்லை. விசாரணை ஆணையம் அந்தக் கட்டடத்தை இடித்துவிடவே பரிந்துரைத்தது.

அதனால்தான் சொல்கிறேன்: திறப்பு விழாவை எண்ணித் திட்டமிடாதீர்கள். பத்தாம் ஆண்டில் அந்தக் கட்டடத்தின் தீயணைப்புக் கருவிகளை யார் சோதிப்பார், இரவில் சாவி யாரிடம் இருக்கும், வெளியேறும் வழியில் யாரோ அடுக்கிவைத்த நாற்காலிகளை யார் அப்புறப்படுத்துவார் என்பதற்குப் பெயரும் பதவியும் சம்பளமும் இப்போதே எழுதி வையுங்கள். அலுவலகம் என்ற வகைப்பாட்டிலிருந்து கல்வி நிலையம் அல்லது பொதுக்கூட்ட இடம் என்ற வகைப்பாட்டுக்கு மாறினால், கட்டட ஒழுங்குமுறையின்படி மாநகராட்சியிடம் புதிய வரைபட ஒப்புதல் பெற வேண்டியிருக்கும். அப்போது தீப் பாதுகாப்பு, வெளியேறும் வழிகளின் எண்ணிக்கையும் அகலமும், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் ஆகிய எல்லாவற்றையும் இன்றைய விதிகளை வைத்தே பார்ப்பார்கள். பாரம்பரிய அனுமதி கையில் இருப்பதால் இவற்றிலிருந்து விலக்கு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

கம்பியும் காரையும்

மேலே சொல்லப்பட்டதை முழுமனதோடு வழிமொழிகிறேன். எட்டு மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டு என்றால் எந்தத் தீயணைப்பு அதிகாரியும் கையெழுத்திட மாட்டார். நேயன் ஐயா, பின்புறத்தில் இன்னொரு படிக்கட்டு இருக்கிறதா?

நேட்டால் நேயன்

இருக்கிறது ஐயா. பின்சந்தில் திறக்கும் சிறிய இரும்புக் கதவிலிருந்து மேல்மாடி வரை குறுகலான சிமெண்ட் படிக்கட்டு ஒன்று போகிறது. மொசைக்கும் இல்லை, பித்தளையும் இல்லை. கைப்பிடி வெறும் இரும்புக் குழாய். ஒவ்வொரு தளத்திலும் அந்தப் படிக்கட்டை ஒட்டியே சன்னலில்லாத ஒரு கழிப்பறையும் இருக்கிறது. சோம்ட்சு சாலைத் தம்பி சொன்ன பின்வாசல் இதுதான் என்று நினைக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் கணக்கர்

பணத்தைப் பற்றி யாரும் பேசாததால் நான் பேசுகிறேன். புதுப்பிக்கும் செலவுக்கு ஒருமுறை நன்கொடை திரட்டிவிடலாம். கல்யாணம், கும்பாபிஷேகம் என்று நம் மக்கள் கொடுத்துப் பழகியவர்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் வரும் மின்கட்டணம், தண்ணீர், சொத்துவரி, காப்பீடு, காவலாளி, லிஃப்ட் பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் யாரும் கொடுக்க முன்வருவதில்லை. ஆகவே தெருவைப் பார்த்த கடைகளை வாடகைக்கு விட்டு, அந்த வருவாயை இவற்றுக்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும்.

பொதுநல அமைப்பாக வருமான வரித்துறையின் ஒப்புதலைப் பெறுவது அவசியம். ஆனால் நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுச் சான்று எல்லாப் பணிக்கும் கிடைக்காது. முதியோர் பராமரிப்பு, மருத்துவம், கல்வி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. சமயப் பணியும் கலைநிகழ்ச்சியும் இல்லை. நடன வகுப்பின் கணக்கையும் மருத்துவ நிலையத்தின் கணக்கையும் ஒரே பேரேட்டில் கலந்து எழுதினால் பின்னால் பெரும் தொல்லை வரும்.

குத்தகைப் பத்திரத்தைப் பத்து ஆண்டுகளுக்கோ அதற்கு மேலோ எழுதுவதாக இருந்தால், அதைச் சொத்தின் உரிமை ஆவணத்தின் மேல் பதிவுசெய்துகொள்ளுங்கள். பதிவு இல்லாவிட்டால், நாம் நன்கொடைப் பணத்தில் கட்டடத்தைச் செப்பனிட்டு முடித்த பிறகு உரிமையாளர் அதை வேறொருவருக்கு விற்றால், புதியவரிடம் நம் உரிமையை நிலைநாட்டுவது கடினமாகிவிடும். வெளிப்புறக் கான்கிரீட்டும் கூரையும் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். பொறியாளர் ஐயா விவரித்த பழுதுகள் நம் தலையில் விழுந்தால் நம்மால் தாங்க முடியாது.

பீனிக்ஸ் ஆசிரியை

யாருக்காக இதைத் திறக்கிறோம் என்பதைப் பற்றியும் பேச வேண்டும். நம் குடும்பங்களில் பெரும்பாலானவை சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் இருக்கின்றன. இருட்டிய பிறகு பிள்ளைகளைக் கூட்டு டாக்சியில் ஏற்றி நகர மையத்துக்கு அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். ஆகவே மாலைத் தமிழ் வகுப்பு அங்கே நடக்காது. சனிக்கிழமை காலையில் நடக்கலாம். வார நாட்களில் அந்தக் கட்டடத்துக்குள் வரக்கூடியவர்கள் வேறு. வார்விக் சந்தையில் விடியுமுன்னே கடை விரித்து நண்பகலில் ஓய்பவர்கள், மருத்துவமனைக்கும் வங்கிக்கும் நகரத்துக்கு வரும் முதியவர்கள், அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருக்கும் சூலு மொழிக் குடும்பங்கள், வெளிநாடுகளிலிருந்து வந்து பிழைப்பவர்கள். இவர்களுக்குத் தேவையானவை குழந்தைகள் காப்பகம், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மருத்துவ நிலையம், சுத்தமான கழிப்பறை, மதிய உணவு. 2015இல் திறக்கப்பட்ட டெனிஸ் ஹர்லி மையம் இப்படிப்பட்ட தேவைகளை அறிந்து நகர நடுவில் பணிசெய்வதை நாம் பார்க்கிறோம். சமூக மையம் என்று பலகை மாட்டிவிட்டுத் தமிழருக்கு மட்டும் கதவைத் திறந்தால், தம்பி சொன்ன அந்தப் பழைய அநீதியை நாமே மறுபடி செய்தவர்களாவோம்.

முதியோர் மையத்தையும் மேல்மாடியில் வைக்காதீர்கள். மின்வெட்டு நாட்களில் லிஃப்ட் நின்று, பெரியவர்கள் படிக்கட்டிலேயே அமர்ந்துவிட்டதை வேறோர் இடத்தில் கண்டிருக்கிறேன். ஜெனரேட்டர் வாங்கினாலும் அதை நிலத்தடித் தளத்தில் வைக்க வேண்டாம். டர்பனைத் தாக்கிய 2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை.

சோம்ட்சு சாலைப் பெயரன்

அக்காவும் ஐயாவும் எழுதியதை இரண்டு மூன்று முறை படித்தேன். அந்தப் பின்படிக்கட்டைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். அந்தக் கட்டடத்தை அவர் அறியவில்லை. ஆனால் அதே தெருவில் வேறோர் அலுவலகத்துக்கு மதிய உணவு கொண்டுபோய்க் கொடுத்ததையும், முன்வாசல் காவலாளி கையாலேயே பின்சந்துப் பக்கம் சுட்டிக்காட்டி அனுப்பியதையும் சொன்னார்.

எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. பின்படிக்கட்டைத் தீ வெளியேறும் வழியாகப் புதுப்பிக்கும்போது அதற்கும் மொசைக் பதித்து முன்படிக்கட்டைப்போல் ஆக்கிவிடாதீர்கள். விதி கேட்கும் விளக்கும் அறிவிப்பும் கைப்பிடியும் வரட்டும். இரும்புக் கதவும் சிமெண்ட் படிகளும் இருந்தபடியே இருக்கட்டும். அடுத்ததாக, அந்தச் சன்னலில்லாத கழிப்பறைகளில் ஒன்றையாவது உடைக்காமல் விட்டு, அதன் பக்கத்துச் சுவரில் தமிழிலும் சூலுவிலும் ஆங்கிலத்திலும் என்ன நடந்தது என்று எழுதி வைக்க வேண்டும். இவற்றை ஏற்றுக்கொண்டால் எங்கள் குடும்பமும் தோள் கொடுக்கும்.

கம்பியும் காரையும்

தம்பியின் முதல் கோரிக்கை பொறியியலுக்கும் ஏற்றதே. அந்தப் படிக்கட்டு குறுகலாக இருப்பதால், ஒவ்வொரு மாடியிலும் எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்பதை அதன் அகலமே தீர்மானிக்கும். அதை அளந்த பிறகே வகுப்புகளின் எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள். புதிய கழிப்பறைகளையும் பழைய குழாய்கள் இறங்கும் பக்கத்திலேயே அமையுங்கள். தளத்தை வேறிடத்தில் துளைத்தால் உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

நேட்டால் நேயன்

அனைவருக்கும் நன்றி. இதுவரை வந்தவற்றை வைத்து, அடுத்த கூட்டத்தில் நான் முன்வைக்கப்போவதை எழுதுகிறேன். மாற்றுக்கருத்து இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.

எட்டு மாடியையும் ஒரேயடியாக எடுக்க மாட்டோம். கீழ்த்தளமும் அதற்கு மேலுள்ள முதல் அலுவலகத் தளமும் மட்டும் முதல் கட்டம். பொதுக்கூடத்தில் நாற்காலிகளைப் போட்டால் கூட்டம், எடுத்தால் நடனம், ஓரமாக நூலகம். முதியோர் மையமும் மருத்துவ நிலையமும் கீழ்த்தளத்தின் பின்பகுதியில், சரிவுப்பாதையோடு அமையும். மேலே குழந்தைகள் காப்பகத்தை வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் நிலை வரக் கூடாது என்பதால் அதையும் கீழேயே வைக்க இடம் பார்க்க வேண்டும். மேலே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் வார நாட்களில் சட்ட ஆலோசனை, தொழிற்பயிற்சி வகுப்புகளும் நடக்கும். கல்யாண மண்டப யோசனையைக் கைவிடுகிறோம். அதில் வருத்தப்படுபவர்கள் உண்டு. சாட்ஸ்வொர்த்தில் மண்டபங்களுக்குக் குறைவில்லை என்பதே என் பதில். மீதி மாடிகள் காற்றோட்டத்தோடு பூட்டியே இருக்கட்டும். பராமரிப்புக்கு வருவாய் நிலைபெற்ற பிறகு ஒவ்வொன்றாகத் திறப்போம்.

குத்தகையில் கையெழுத்திடும் முன் மூன்று அறிக்கைகள் வேண்டும் என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேட்கிறோம்: கான்கிரீட் சோதனை, ஆஸ்பெஸ்டாஸ் கணக்கெடுப்பு, தீப் பாதுகாப்பு மதிப்பீடு. அவற்றின் செலவில் பாதியை நாம் ஏற்கலாம் என்று கணக்கர் ஐயா தொலைபேசியில் சொன்னார். பின்படிக்கட்டையும் கழிப்பறையையும் பற்றிய தம்பியின் இரண்டு கோரிக்கைகளும் அமாஃபாவுக்குச் செல்லும் விண்ணப்பத்திலேயே, பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில், வெயில்மறைப்புத் தகடுகளுக்கும் மொசைக் படிக்கட்டுக்கும் அடுத்த வரியாக இடம்பெறும். தம்பி, உங்கள் அப்பா ஒருநாள் வந்து கட்டடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தச் சுவரில் எழுத வேண்டியதை அவரைப் போன்றவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்கு ஆசிரியை அக்கா பொறுப்பேற்றிருக்கிறார்.